அப்பாவின் குரங்குக் குல்லா

கம்பள ஓரத்தில் கிடந்ததை முதலில் சீரகம் என்றுதான் நினைத்தேன். குனிந்து எடுக்கப் போனால், ஒரு முனையிலிருந்து தலையை நீட்டி மெல்ல நகர்ந்தது. சென்னை வீட்டுக் குளியலறைச் சுவரில் வெள்ளரி விதை மாதிரி ஒன்று தன் கூட்டை இழுத்துக்கொண்டு ஊருமே, அதற்கு உறவுக்காரப் பூச்சி இது. இது லண்டன் என்பதால் சுவரை விட்டுவிட்டுக் கம்பளியில் குடியேறியிருக்கிறது.

அதற்கு முன் மூன்று மாதமாக நானும் வீட்டுக்காரரும் பறக்கிற அந்துப்பூச்சிகளைக் கை தட்டித் தட்டி அடித்துக்கொண்டிருந்தோம். வெட்டி வேலை. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதே இல்லை. துணியை அரிப்பதெல்லாம் அதன் புழு, கம்பள ஓரத்தில் நான் பார்த்ததும் அதுதான். பசைப்பொறி ஒன்றும் வாங்கி வைத்தேன். அதிலிருக்கும் பெண் பூச்சியின் வாசனைக்கு ஆண்கள்தான் வந்து ஒட்டும். எங்கள் பொறி காலியாகவே கிடந்தது. "பாத்தீங்களா, ஒழிஞ்சுது" என்று பீற்றிக்கொண்டேன். நான் வாங்கியது வேறு இனத்தைக் கூப்பிடுகிற வாசனை என்பது பெட்டியைத் திருப்பிப் படித்தபோதுதான் தெரிந்தது.

என்னை உலுக்கியது அந்தக் கூட்டின் நிறம். எங்கள் கம்பளம் சந்தன நிறம், கூடோ நல்ல மெரூன். இந்தப் புழு தான் தின்கிற கம்பளி இழைகளையே சேர்த்துக் கூடு பின்னும். அப்படியென்றால் வீட்டில் எங்கோ மெரூன் கம்பளியை ஒரு கை பார்த்திருக்கிறது. என்னிடம் மெரூனில் ஒன்றுமே கிடையாது.

அப்பாவிடம் இருந்தது. போன குளிர்காலம் வந்தபோது விட்டுப்போன குரங்குக் குல்லா! குன்னூர்ப் பெரியம்மா கையால் பின்னிய அசல் கம்பளி. கட்டிலுக்கடியில் சூட்கேஸில், துவைக்காமல். திறந்தால் காதுப் பக்கம் சல்லடை. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட இடம் இவற்றுக்கு விருந்து. என் ஸ்வெட்டரிலும் சாம்பார் கொட்டின இடத்தில்தான் சரியாக ஓட்டை.

ஒரு சனிக்கிழமை முழுக்கக் கட்டிலை நகர்த்தி, கம்பள ஓரம், ரேடியேட்டர் அடி என்று வேக்குவம் போட்டோம். அந்தப் பையை உடனே கட்டி வெளிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்; உள்ளே விட்டால் அங்கேயே பொரிக்கும். கம்பளித் துணிகளைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டால் சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகும். அதனால் ஜிப் பைகளில் அடைத்து, காற்றைப் பிதுக்கி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வஞ்சிரம் என்று நினைத்து வீட்டுக்காரர் ஒருநாள் என் கார்டிகனைத் தண்ணீரில் போடப் போனார்.

அம்மா போனில், "அந்துருண்டை போட்டியாடி?" என்றாள். பேரிலேயே அந்து இருக்கிறது, ஆனால் அந்த நாப்தலீன் உருண்டையை ஐரோப்பாவில் 2008-லேயே நிறுத்திவிட்டார்கள். காற்றுப் புகாத பெட்டியில் நெடி நிறைந்தால்தான் பூச்சி சாகும். திறந்து மூடுகிற பீரோவில் நமக்குத்தான் தலைவலி. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை வேறு, கிடைத்ததை வாயில் வைக்கும். அம்மா அடுத்துச் சொன்ன வசம்பும் வேப்பிலையும் வாசனைக்குச் சரி. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து தின்கிற புழு அதற்கெல்லாம் எழுந்து போகுமா என்ன?

அப்பா குறுக்கே புகுந்தார். "என் குல்லா பத்திரமா இருக்கா?"

"ஃப்ரீசர்ல இருக்குப்பா."

"குளிருக்குன்னு பின்னிக் குடுத்தா, அதையே குளிர்ல போட்டுட்டியா?"

இப்போது துவைத்து, காயவைத்து, மூடி இறுகுகிற டப்பாவில் வைத்திருக்கிறேன். ஓட்டையைத் தைக்க மெரூன் நூல் தேடிக்கொண்டிருக்கிறேன். சோஃபாவுக்கடியில் மட்டும் இன்னும் பார்க்கவில்லை. அதைத் தூக்க ஆள் வேண்டும்.