டேலில்லியும் விருந்தாளிகளும்

ஏப்ரல் 14
தோட்டத்து டேலில்லிப் பூச்செடிகளில், பசுமை மாறாத ரகங்களில் பூந்தண்டு எட்டிப் பார்க்கிறது. குளிரில் இலை கருகி உறங்கும் ரகங்கள் இன்னும் மந்தம்தான். குளிரே சரியாக வராத இடத்தில் அவை வருடாவருடம் இளைக்கும். பேர்போன 'ஸ்டெல்லா டி ஓரோ'வும் அந்த வகை. இங்கே அதற்காக மெனக்கெடுவது வீண்.

ஏப்ரல் 29
ராத்திரி மான் வந்து போயிருக்கிறது. இலையைவிட மொட்டுகள்மேல்தான் அதற்கு ஆசை. நுனியோடு கிள்ளித் தின்றுவிட்டது. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்பதால், தண்டில் எத்தனை மொட்டு இருக்கிறதோ அதை வைத்துத்தான் பூக்காலமே. மொட்டு போனால் அந்தத் தண்டின் கதை முடிந்தது. இனி வலைதான்.

மே 6
இலைமடிப்புக்குள் மரத்தவளை. பகல் முழுக்க அசையவே இல்லை. அசுவினிப் பூச்சி கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் மருந்து அடிக்க மனம் வரவில்லை. தவளையின் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியதில் பாதி அசுவினி உதிர்ந்தது. மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளட்டும்.

மே 18
வெயில் ஏறுமுன் மகரந்தம் தொட்டு வைத்தேன். உச்சி வெயிலில் வைத்தால் காய் பிடிப்பது அரிது. 22 குரோமோசோம் உள்ள செடியை 44 உள்ளதோடு சேர்த்தாலும் பெரும்பாலும் விதை கிடைக்காது. மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், தேன் தேடி வரும் தேனீ பல நேரம் அதைத் தொடாமலே போய்விடுகிறது. பெரிய வண்ணத்துப்பூச்சியின் இறக்கை மட்டும் உரசுகிறது. நான் தொடாத பூக்களில் காய் வந்தால் அதன் வேலையாகத்தான் இருக்கும்.

மே 30
பல்லியைத் துரத்த ஒரு பூனை வருகிறது. டேலில்லியின் எந்தப் பாகத்தைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே ஆபத்து. மானைவிட இதற்குத்தான் அந்த வலை அவசியம் போல. கீழ்ப்பகுதியையும் இறுகக் கட்டினேன்.

ஜூன் 11
மழைக்குப் பிறகு இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி. துரு நோய். அமெரிக்காவில் இது முதலில் தெரியவந்தது 2000இல். உறைபனி விழும் ஊர்களில் இலையோடு சேர்ந்து அதுவும் செத்துப்போகும். இங்கே இலை பசுமையாகவே இருப்பதால் அதற்கு ஆண்டு முழுக்க விருந்து. பாதித்த இலைகளை அடியோடு வெட்டி, உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்தினேன். அந்தத் தவளை பக்கத்துத் தூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

ஜூன் 25
வாடிய தண்டு ஒன்றின் கணுவில் குட்டிச்செடி முளைத்திருக்கிறது. தண்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு நறுக்கி, ஈரமண்ணில் வைத்தாயிற்று. தாய்ச்செடியின் அதே பூதான் இதிலும் வரும். விதையில் வரும் செடி அப்படி இருக்காது. காய்கள் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன. பழுத்து வெடிக்கத் தொடங்கும்போது பறிக்கவேண்டும்.