நத்தார் வெடியும் நம் வீட்டு நாய் பூனைகளும்

நத்தாருக்கு இன்னும் சில நாள்தான். மட்டக்களப்பில் புளியந்தீவு, கல்லடிப் பக்கமெல்லாம் நள்ளிரவுப் பூசை முடிந்ததும் வெடி தொடங்கிவிடும். அப்புறம் புதுவருடம், தைப்பொங்கல். தயவுசெய்து அந்த இரவுகளில் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். பயத்தில் இழுத்து இழுத்துக் கழுத்து இறுகிவிடும். நேரத்தோடு சாப்பாடு கொடுத்து, உள் அறையொன்றில் விட்டு, யன்னலைச் சாத்தி, ரேடியோவைப் போட்டுவிடுங்கள். கேற்றையும் ஒருமுறை பாருங்கள். வெருண்டு ஓடினால் இந்த மழைக்குள் எங்கே போய்த் தேடுவது?

எனக்குப் பெரிய கவலை கேக்தான். பிள்ளைகள் ஆசையில் ஒரு துண்டு போட்டுவிடுவார்கள். அதிலுள்ள உலர்ந்த முந்திரிகைப் பழம் (உலர் திராட்சை) நாயின் சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. சொக்கலேட் கறுப்பாக இருக்க இருக்க நஞ்சு கூட. சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பூனைக்குச் சுகமில்லை என்று பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குளிசையே உயிரைப் பறிக்கப் போதும். உங்கள் மிருக வைத்தியர் விடுமுறையில் எந்தெந்த நாள் இருப்பார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.