எந்தப் பல்லுக்கு எந்த கேப்?

வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்கு, அதை முழுதாக மூடும் உறையான கேப் போட வேண்டும் என்றவுடன் "இருப்பதிலேயே நல்ல கேப் எது?" என்று கேட்கத் தோன்றும். எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு பற்களுக்குத் தேவைப்பட்டது. ஒன்று கீழ்த்தாடையின் பின்கோடியில் இருக்கும் கடைவாய்ப்பல். மற்றொன்று மேலே கோரைப்பல்லை ஒட்டிய முன்கடைவாய்ப்பல், சிரித்தால் தெரியும். கடைசியில் இரண்டுக்கும் வேறு வேறு பொருளில்தான் கேப் போட்டுக்கொண்டேன். அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்தக் கதையை எழுதுகிறேன்.

பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மருத்துவர் ஒன்றைச் சோதித்தார். பழைய அடைப்பையும் சொத்தையையும் நீக்கிய பிறகு, ஈறுக்கு மேலே பல்லைச் சுற்றி எவ்வளவு திடமான சுவர் மிஞ்சுகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார். சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது சொந்தப் பல் இருந்தால்தான் கேப் அதை வளையம்போலப் பற்றிக்கொள்ளும். இல்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த கேப் போட்டாலும் கழன்று வரும், அல்லது உள்ளே இருக்கும் பல் முறியும். என் இரண்டு பற்களிலும் அந்தச் சுவர் இருந்தது. இல்லாதவர்களுக்கு ஈறைச் சற்று இறக்கும் சிறு அறுவை தேவைப்படலாம். எந்த கேப் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து என் கடைவாய்ப்பற்களின் மேற்பரப்பைக் கண்ணாடியில் காட்டினார். மேடுபள்ளங்கள் தேய்ந்து வழவழவென்று தட்டையாகிக் கிடந்தன. "தூக்கத்தில் பல் கடிக்கிறீர்கள்" என்றார். பின்பல்லுக்கான முடிவில் பாதி அப்போதே ஆகிவிட்டது. அந்தப் பல் உயரம் குறைந்தது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்புக்கு மேற்பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை சீவ வேண்டும். உலோகமும் பீங்கானும் இரண்டடுக்காக உட்கார அவ்வளவு இடம் தேவை. முழு உலோகத்துக்கும் ஒரே கட்டியாகக் கடைந்தெடுத்த ஜிர்கோனியா என்ற கடினமான வெள்ளைப் பீங்கானுக்கும் சுமார் 1 மில்லிமீட்டர் போதும். குட்டையான பல்லில் அந்த வித்தியாசம் மிகப் பெரியது, சீவிய பல் திரும்ப வளராது. அதோடு, பல் கடிப்பவர்களுக்கு மேலே பூசிய பீங்கான் சில்லுச் சில்லாகப் பெயர வாய்ப்பு அதிகம். அந்த வகையை அங்கேயே விட்டுவிட்டேன்.

மிஞ்சியவை முழு உலோகமும் ஜிர்கோனியாவும். பின்பல்லுக்கு உலோக கேப் மட்டமானது என்று பலர் ஒதுக்குவது சரியல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறைவாகச் சீவினால் போதும், உடையாது, எதிர்ப்பல்லையும் அதிகம் தேய்க்காது. யார் கண்ணிலும் படாத பல்லுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: "கைக்கடிகாரத்தின் கொக்கியோ மலிவான காதணியோ பட்டால் தோல் சிவந்து அரிக்குமா?" எனக்கு அரிக்கும். அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. உலோக கேப்புகளில் பல நிக்கல்-குரோமியக் கலவைதான். நிக்கல் சேராத கோபால்ட்-குரோமியமும் தங்கக் கலவைகளும் உண்டு. ஆனாலும் நான் ஜிர்கோனியாவைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜிர்கோனியாவிலும் ஒரே வகை இல்லை. வெண்மையாக, ஒளி புகாமல் இருக்கும் பழைய வகையின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும் விசையை உடையாமல் தாங்கும் திறன், சுமார் 1,000 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு). இட்ரியா என்ற ஆக்சைடை அதிகம் சேர்த்து ஒளி ஊடுருவும்படி செய்யும் வகை அழகாக இருக்கும், வலிமையில் கணிசமாகக் குறையும். பல் கடிப்பவரின் பின்பல்லுக்கு அழகு வகை தேவையில்லை. எந்த வகை என்று, கேப் செய்யும் ஆய்வகத்துக்குப் போகும் சீட்டில் எழுதச் சொன்னேன்.

முன்கடைவாய்ப்பல்லின் கதை வேறு. அங்கே கடியின் விசை குறைவு, பார்வைக்கு மதிப்பு அதிகம். லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிப் பீங்கானை மருத்துவர் பரிந்துரைத்தார். அதன் வலிமை சுமார் 400 மெகாபாஸ்கல்தான். ஆனால் பிசின் சிமென்டால் பல்லோடு இறுக ஒட்டிக்கொள்ளும், எனாமலைப் போலவே ஒளியை உள்ளே வாங்கும். சிக்கலும் அங்கேதான் இருந்தது. வேர் சிகிச்சைக்குப் பின் அந்தப் பல் உள்ளுக்குள் பழுப்பாகியிருந்தது. ஒளி ஊடுருவும் கேப்பைப் போட்டால் அந்தக் கருமை வெளியே நிழலாடும். அதனால் சீவிய பல்லின் பக்கத்தில் நிறத்தை ஒப்பிட உதவும் மாதிரியான நிறக்கட்டை ஒன்றைப் பிடித்துப் படம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அவர்கள் ஒளி குறைவாகப் புகும் கட்டியிலிருந்து அதைச் செய்தார்கள்.

நிறம் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கும் முன்னால், பல் ஈரமாக இருக்கும்போதே, நாற்காலி விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். வாயைத் திறந்து வைத்திருந்தால் பல் உலர்ந்து வெளுத்துக் காட்டும். அந்த நிறத்தை நம்பிச் செய்த கேப் பிறகு தனியாகத் தெரியும். பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போனது, பல் நிற மாதிரிகளில் ஏ3 என்று குறிக்கப்படும் நிறம். இதைக் கடைசியில் அவசரமாகப் பார்க்கும் இடமாக இருந்தால், முதலிலேயே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தற்காலிக கேப்புகளோடு இருந்த காலத்தில் ஒட்டும் பண்டங்களைத் தவிர்த்தேன். பல்லிடை நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுத்தேன். பெரிய தொல்லை எதுவும் இல்லை.

கேப் வந்த அன்று உடனே ஒட்டிவிடவில்லை. முதலில் வெறுமனே பொருத்தி, பக்கத்துப் பற்களோடு தொடும் இடத்தில் நூலை இறக்கிப் பார்த்தார்கள். சிறு அழுத்தத்தோடு 'டக்'கென்று இறங்க வேண்டும். விளிம்பில் இடைவெளி இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு, கடி படும் இடத்தில் நிறம் ஒட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார்கள். பின்பல் கேப்பின் ஒரு முனையில் மட்டும் அடர்ந்த நீலப் பொட்டு விழுந்தது. அந்த இடத்தைச் சீவிவிட்டு, கடிக்கவும் பக்கவாட்டில் அரைக்கவும் சொல்லி, பொட்டுகள் சமமாகும்வரை பார்த்தார்கள். ஜிர்கோனியா தானாகத் தேய்ந்து சரியாகாது, அதனால் "போகப் போகப் பழகிவிடும்" என்று விடக் கூடாது. சீவிய இடத்தை மெருகேற்றுவதும் கட்டாயம். வழவழப்பான ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அதிகம் தேய்ப்பதில்லை. சொரசொரப்பானது அரம்போல அராவிவிடும். அவர் மெருகேற்றிய பிறகு நாக்கால் தடவிப் பார்த்துத்தான் ஒட்டச் சம்மதித்தேன்.

அப்படியும் மறுநாள் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அதே பல் முதலில் இடித்தது. மரத்த வாயால் கடியைச் சரியாகச் சொல்ல முடியாது. திரும்பப் போனேன், சிறிது நேரத்தில் சரிசெய்து மெருகேற்றிவிட்டார்கள். இரவில் அணியும் பல்லுறையையும் அப்போதே அளவெடுத்துக்கொண்டேன்.

இப்போது கேப்பின் விளிம்பு ஈறைத் தொடும் இடத்தில்தான் என் கவனம் எல்லாம். கேப் சொத்தையாகாது, அதன் அடியில் இருக்கும் பல் ஆகும். தினமும் இரவு அங்கே நூல் விட்டுச் சுத்தம் செய்கிறேன். ஒவ்வொரு பல்லுக்கும் போட்ட பொருள், வகை, நிறம், சிமென்ட் ஆகியவற்றை அட்டையில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். பின்னாளில் கேப்பைத் துளைக்கவோ கழற்றவோ நேர்ந்தால், ஜிர்கோனியாவுக்கும் கண்ணாடிப் பீங்கானுக்கும் கையாளும் முறை வேறு. வேறு மருத்துவரிடம் போனாலும் அந்த அட்டையைக் காட்டினால் போதும்.