நகராத மேடு

என் ஆய்வுத் தலைப்பைச் சொன்னாலே ஆட்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்: வேகமாக அலையும் ஆவர்த்தனக் குணகங்கள் கொண்ட நேரியலற்ற காப்பு விதிகள். காப்பு விதி என்பது, ஒரு பொருள் கூடாமலும் குறையாமலும் எப்படி இடம் மாறுகிறது என்று சொல்லும் சமன்பாடு. அதில் இடத்துக்கு இடம் மாறும் அளவுதான் குணகம்; என்னுடையது ஒரே கோலத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும். முதுதத்துவமாணிக்கு இதை எடுத்தபோது எனக்கிருந்த நினைப்பு ஒன்றுதான். குணகம் அவ்வளவு நுணுக்கமாக அலைந்தால், தூர நின்று பார்ப்பவருக்குச் சராசரி மட்டும்தானே தெரியும்? அதை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

அது பிழையென்று வளாகத்திலிருந்து வீடு போகிற வழியிலேயே விளங்கியிருக்க வேண்டும். பாதித் தூரம் நல்ல தார் ரோட்டு, சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீற்றர் போகலாம். மற்றப் பாதி குண்டும் குழியுமான ஒழுங்கை, 5 தான். சராசரி 12.5 என்று கணக்குப் போட்டு நேரம் சொன்னால் அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பா. உண்மையான வேகம் 8. கூட்ட வேண்டியது நேரத்தை, வேகத்தை அல்ல. இசைச் சராசரி என்பது இதுதான். நேரியல் சமன்பாட்டோடு பிரச்சினை இவ்வளவில் முடிந்துவிடும்.

நான் எடுத்தது பேர்கர்ஸ் சமன்பாடு: உயரமான பகுதி வேகமாக நகரும் ஓர் எளிய நேரியலற்ற காப்பு விதி. அதன் பாயத்தோடு (ஓரிடத்தைக் கடந்து போகும் அளவு), வீச்சம் 1, அலைநீளம் எப்சிலன் என்ற மிகச் சிறிய எண் என்று ஒரு கோசைன் அலையைக் கூட்டியிருந்தேன். கோசைனின் சராசரி பூச்சியம். ஆகவே என் நினைப்பின்படி மிஞ்சுவது வெறும் பேர்கர்ஸ். நிரலை எழுதி, 0.5 உயரத்தில் ஒரு மேட்டை வைத்து ஓட்டினேன். மேடு அழகாக வலப்பக்கம் நகர்ந்தது, முன்பக்கம் செங்குத்தாகி அதிர்ச்சி அலையும் வந்தது. படத்தை அச்செடுத்துக்கொண்டு என் ஆய்வை மேற்பார்த்த சேரிடம் ஓடினேன்.

"எப்சிலன் எவ்வளவு வைச்சீர் தம்பி?"

"0.01 சேர்."

"கட்ட அகலம்?"

"அதுவும் 0.01..." சொல்லும்போதே விளங்கிவிட்டது. கட்ட அகலம் என்பது கணக்குப் பார்க்கும் புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம். நான் வைத்த புள்ளி ஒவ்வொன்றும் கோசைனின் உச்சியில் குந்தியிருக்கிறது. எங்கே பார்த்தாலும் பெறுமானம் 1. அலை ஒன்று இருப்பதே கொம்பியூட்டருக்குத் தெரியாது. மத்தியானம் 12 மணிக்கு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறவனுக்கு இரவு என்று ஒன்று கிடையாதே, அதுமாதிரி.

சரி, அலைக்கு 16 புள்ளி வைத்தேன். நேர அடியையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும் என்பதால் வேலை 256 மடங்கு. இரவு காற்றாடியை மடிக்கணினிப் பக்கம் திருப்பிவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தால் படம் முழுக்க வாள் பல். பல்லைச் சராசரி எடுத்துப் பார்த்தால், மேடு வைத்த இடத்திலேயே நிற்கிறது. நிரலில் பிழை என்று நினைத்து இரண்டு கிழமை தேடினேன். பிழை இல்லை.

விடை 1987 இல் லியோன்ஸ், பபனிகொலாவ், வரதன் என்ற கணிதவியலாளர் மூவரும் எழுதிய, கடைசிவரை முறையாக வெளியாகாத ஒரு கட்டுரையில் இருக்கிறது. (வரதன் சென்னையில் பிறந்தவர், 2007 இல் கணிதத்துக்கான ஆபெல் பரிசு பெற்றவர். அந்தப் பெயரைப் பார்த்து வந்த சந்தோசத்துக்குக் கணித நியாயம் எதுவும் இல்லை.) ஒரு பரிமாணத்தில் காப்பு விதியைத் தொகையிட்டால் ஹமில்ட்டன்–யாக்கோபி என்ற வேறொரு வகைச் சமன்பாடு வரும்; மூவரும் ஆராய்ந்தது அதைத்தான். என் கோசைனுக்கு அதில் கணக்குப் பார்த்தால், தீர்வின் சராசரியின் பருமன் 4 இன் கீழ் பை, அதாவது ஏறத்தாழ 1.273 ஐத் தாண்டும்வரை, விளைவுப் பாயம் (தூர நின்று பார்ப்பவருக்குத் தெரியும் பாயம்) 1 இலேயே நிற்கிறது. பாயம் மாறாவிட்டால் எதுவும் நகராது. 0.5 அந்தத் தட்டைக்குள்ளே கிடந்தது.

உள்ளே நடப்பது இன்னும் வடிவு. ஒவ்வொரு அலைக்குள்ளும் தீர்வு பூச்சியத்தில் தொடங்கி ஏறி, ஓரிடத்தில் நேரிலிருந்து மறைக்குக் குதித்து, திரும்பப் பூச்சியத்துக்கு வருகிறது. சராசரி பூச்சியமென்றால் குதிப்பு சரி நடுவில், 2 இலிருந்து மறை 2 க்கு. சராசரி கூடினால் குதிக்கும் இடம் வலப்பக்கம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கீழே குதிக்கலாம், மேலே குதிக்க முடியாது. 1970 இல் கணிதவியலாளர் குருஷ்கோவ் வகுத்த எந்திரோப்பி நிபந்தனை அதை மறிக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரே அலைக்குள் எத்தனை குதிப்பையும் செருகலாம், தனித் தீர்வு என்ற பேச்சுக்கே இடமிராது.

அப்புறம் மேட்டை 2 க்கு உயர்த்தி ஓட்டினேன். தட்டையைத் தாண்டிய உச்சி வலப்பக்கம் சரிந்தது, இடப்பக்க அடிவாரம் அசையவில்லை.

இரண்டு பரிமாணத்துக்குப் போனால் இந்தத் தொகையிடும் வித்தை பலிக்காது. அதை ஆய்வேட்டில் ஒரு பந்தியோடு விட்டுவிட்டேன். நகர்ந்த மேட்டின் அந்தப் பிழைப் படத்தைப் பின்னிணைப்பில் போட்டிருந்தேன். சேர் அதை எடுக்கச் சொல்லவில்லை. கட்ட அகலத்தைப் படத்தின் கீழேயே எழுதச் சொன்னார்.