மீன்தொட்டிக்கு ஆற்றுக்கட்டை

வெள்ளம் வடிந்தபின் குழித்துறை ஆற்றங்கரையில் ஒரு வேர்க்கட்டை கிடைத்தது. மான்கொம்பு மாதிரி மூன்று கிளை, அவ்வளவு அழகு! ஆனால் 18 நாள் கழித்துத்தான் மீன்தொட்டிக்குள் இறக்கினேன். களியக்காவிளைப் பக்கம் மீன் வளர்க்கும் தம்பிமார் அவசரப்பட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பஞ்சாக அமுங்கினால் உளுத்த கட்டை, விட்டுவிடுங்கள். பச்சைக் கட்டை, பால் வடியும் ரப்பர், பிசின் மரம் எதுவும் ஆகாது. அரளி விஷம், தொடவே வேண்டாம். தேங்காய்ப்பட்டணம் கழிமுகத்தில் ஒதுங்குவதில் உப்பு ஊறியிருக்கும். நன்னீர் மீனுக்கு நான் அதை எடுப்பதில்லை.

நல்ல கட்டை என்றால் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்து எடுங்கள். சோப்பு கூடாது, மரம் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் சமையலுக்கு எடுக்காத பழைய அண்டாவில் 2 மணி நேரம் கொதிக்க விட வேண்டும். என் கட்டையிலிருந்து தண்ணீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் இறங்கியது. இடுக்கிலிருந்து செத்த பூரான் ஒன்றும் மிதந்து வந்தது!

அதன்பின் வாளியில் ஊறப்போட்டு தினமும் தண்ணீர் மாற்றினேன். நிறம் வெளுக்கும், கட்டையும் மெல்ல மூழ்கும். தொட்டியில் லேசாகப் பழுப்பு இறங்கினால் பயம் வேண்டாம். அது மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள். ஃபைட்டர் மீனுக்கு நல்லதுதான். சில நாளில் கட்டைமேல் வெள்ளைப் பாசிபோல வழுவழுப்பாகப் படரும், அதுவும் தானே போய்விடும்.

நேற்று ராத்திரி பார்த்தேன். நடுக்கிளையின் கவட்டில் சாய்ந்து என் நீல ஃபைட்டர் தூங்கிக்கொண்டிருந்தது.