செட்டிநாட்டில் போதகர் பயிற்சி: மூன்று நாள் பயணத்தை ஒழுங்காக நடத்த

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிறிஸ்தவப் போதகர்களுக்குப் பிரசங்கப் பயிற்சி நடத்த வெளியூரிலிருந்து வரும் குழுக்கள் பெரும்பாலும் தேதியிலேயே தவறிவிடுகின்றன. தங்களுக்கு லீவு கிடைக்கும் நாளைப் பார்க்கிறார்களே தவிர, போதகரின் வாரத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளி உபவாச ஜெபம், சனி மறுநாளுக்கான ஆயத்தம், ஞாயிறு ஆராதனை. மிஞ்சுவது செவ்வாய், புதன், வியாழன். திங்கட்கிழமையை அவர்களின் குடும்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

மாதத்தில் ஆடிதான் சரி. ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபமும் தங்கும் அறையும் சமையல்காரரும் எளிதாகக் கிடைப்பார்கள். மானாவாரி விதைப்பு வேகம் பிடிக்கும் முன் வரும் மாதம் என்பதால், வயல் வைத்திருக்கும் போதகர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, அதோடு தாங்க முடியாத வெயில். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் யாரையும் கூப்பிடவே கூடாது. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடியிலும், விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியிலும் கூட்டம் கூடும்போது பஸ்ஸில் இடம் கிடைக்காது. தேதியை உறுதி செய்வதற்கு முன் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று அந்த ஊர்க்காரரிடம் கேட்டுவிடுங்கள். அன்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும்.

சென்னையிலிருந்து வருவோருக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. மதியம் எழும்பூரில் ஏறினால் இரவில் காரைக்குடி. ஆனால் அந்த நேரத்தில் கிராமத்துக்குப் பஸ் இருக்காது. வந்து சேரும் இரவை டவுனிலேயே கழித்துவிட வேண்டும்.

குழுவில் வெளிநாட்டவர் இருந்தால் வேலை மாதக்கணக்கில் முன்பே தொடங்குகிறது. சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம். மேடை ஏறிப் பிரசங்கிக்கக் கூடாது, கைப்பிரதி கொடுக்கக் கூடாது. அதற்கு மிஷனரி விசா வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கும் தனி அனுமதி தேவை என்பதைப் பலர் அறிவதில்லை. தங்க இடம் கொடுப்பவர், அது போதகரின் வீடாகவே இருந்தாலும், வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் (முன்பு இதற்குப் படிவம் சி என்று பெயர்). இதையெல்லாம் மீறிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடலாம். விசாரணைக்குப் பதில் சொல்ல நிற்பவர் உள்ளூர்ப் போதகர்தான்.

பணமும் அப்படியே. வெளிநாட்டுக் குடிமகன் அன்போடு கையில் திணிக்கும் காணிக்கையும் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே பயிற்சிச் செலவை இங்குள்ள சபைகளும் விசுவாசிகளும் ஏற்பதே நல்லது. பயணப்படியைத் தூரத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு முதல் நாள் காலையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கைமாற்று வாங்கி பஸ் ஏறி வந்தவரைக் கடைசி நாள் வரை காக்க வைப்பது நியாயமல்ல.

ஆட்கள் 25 முதல் 30 வரை போதும். அதற்கு மேல் போனால் அது பயிற்சி அல்ல, கன்வென்ஷன். அழைக்கும்போதே, "ஐயா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். சபையில் பெண்களின் பாரத்தையெல்லாம் கேட்பவர் போதகரின் மனைவியான பாஸ்டரம்மாதான், அவருக்கு என்று ஒரு பயிற்சியும் யாரும் கொடுப்பதில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இதற்குக் கைகொடுக்கிறது. சாயங்காலம் நான்கு மணிக்கு முடித்தால்தான் இருட்டும் முன் வீடு சேர்வார்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய கூடம் கிடைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் பேச்சு எதிரொலித்துக் குழம்பும். தரை முழுக்க ஜமுக்காளம் விரித்து, மைக் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்தால் சரியாகிவிடும். வெளியே ஒலிபெருக்கி கட்டவே வேண்டாம். குடிக்க மட்டும் 30 பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் ஆறு வேண்டும். சாப்பாடு ஒரே பந்தி. விருந்தினருக்குத் தனி மேசை போட்டால் அதற்குப் பிறகு யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். காலை உபவாசம் இருப்பவர் யார் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடத்துக்கு வருவோம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பட்டம் பெற்ற ஆயரும், ஆறு மாத வேதாகமப் பள்ளி முடித்த பெந்தெகொஸ்தே பாஸ்டரும், உபதேசியாரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். விரிவுரை நடத்தினால் ஒருவருக்குத் தெரிந்த விஷயம், இன்னொருவருக்கு எட்டாத விஷயம். ஒரே வேதபகுதியை எல்லோரும் சேர்ந்து பிரித்து ஆராய்வதே வழி. திமிர்வாதக்காரனை நான்கு பேர் இயேசுவிடம் சுமந்து வரும் மாற்கு 2:1-12 இதற்கு ஏற்ற பகுதி. மூன்று முறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறொருவர். பிறகு யார் பேசுகிறார்கள், யாரிடம், எதற்காக ஆட்சேபம் என்று வசன எண்ணோடு நோட்டில் எழுதட்டும். அதன் பின் பகுதி சொல்லும் ஒரே செய்தியை ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும். இங்கேதான் அதிக நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

வழக்கமாக வரும் பிழை, படுக்கையைச் சுமந்த நான்கு பேரை விசுவாசம், அன்பு, ஜெபம், ஒருமனம் என்று உருவகமாக்கிவிடுவது. கேட்க இனிமையாக இருக்கும்; ஆனால் பாவத்தை மன்னிக்க இயேசுவுக்கு ஏது அதிகாரம் என்ற வேதபாரகரின் (யூத வேத அறிஞர்களின்) கேள்வி காணாமல் போய்விடும். "இது தப்பு" என்று மேடையிலிருந்து சொல்லாதீர்கள். "ஐயா, இது எந்த வசனத்துல இருக்கு?" என்று குழுவில் இருப்பவரே கேட்கட்டும். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பிரசங்கிக்க வேண்டும். மூன்றாம் நாள் அவரவர் கையில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கான குறிப்பு இருக்க வேண்டும். ஞானஸ்நானம், அந்நிய பாஷை பற்றிய விவாதம் கிளம்பினால் உடனே பகுதிக்குத் திரும்புங்கள்.

மொழிபெயர்ப்பு இருந்தால் ஒரு மணி நேரத்தில் அரை மணி நேரப் பேச்சுதான் அடங்கும். குறிப்புகளை இரண்டு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள். வசனத்தை அவர் தானாக மொழிபெயர்க்காமல், கேட்பவர்கள் மடியில் இருக்கும் வேதாகமத்திலிருந்தே வாசிக்க வேண்டும்.

இனி முக்கியமானது. கிராமப் போதகருக்குத் தன் பாரத்தைச் சொல்ல ஆள் இல்லை. மேலிடத்தில் சொன்னால் மாற்றல் வரும் என்ற பயம். சபையில் சொன்னால் மரியாதை போகும். பிள்ளைகளின் ஃபீஸ், ஆலயம் கட்ட வாங்கிய கடன், ஊருக்குள் எதிர்ப்பு, பதில் வராத ஜெபம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டே மற்றவர்களைத் தேற்றுகிறார். ஒவ்வொரு பிற்பகலிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, குழுவில் ஒருவர் ஒரு போதகரோடு மரத்தடியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்க மட்டும். ஆலோசனை, வசனம், சாட்சி எதையும் அவர் கேட்டாலொழியச் சொல்லாதீர்கள். சேர்ந்து வாசிக்க 13-ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம், முறையிடவும் இடம் கொடுக்கிறது. கேட்டதை வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பாகப் போடுவதும், படம் எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்புவதும் துரோகம். மாத உதவி செய்கிறேன் என்று குழுவில் யாரும் தனியாக வாக்குக் கொடுக்கக் கூடாது. புறப்படும் முன்பே இதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

திரும்பிய பிறகு முதல் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை ஒவ்வொருவருக்கும் போன் செய்து, அந்தப் பிரசங்கம் எப்படிப் போனது என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர் ஆட்கள் நான்கைந்து பேர் மாதம் ஒரு முறை ஒருவர் ஆலயத்தில் கூடி அடுத்த பகுதியைப் பிரிப்பதற்கு இடமும் தேதியும் மூன்றாம் நாள் மதியமே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த ஆடியில் புதிய ஊர் தேடாமல் இதே ஆட்களிடம் வாருங்கள்.