லைன்களைச் சேர்த்த மாதங்கள்

மட்டக்களப்பில் எங்கள் கார்மென்ட்ஸில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று யாரும் அறிவிக்கவில்லை. முதலில் ஓ.டி., அதாவது மேலதிக நேர வேலை, நின்றது. அப்புறம் புதிதாக ஆள் எடுப்பது நின்றது. பிறகு இரண்டு தையல் லைன்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். மற்றதை அங்கே தைக்கிற பெண் பிள்ளைகளே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

நான் அப்போது லைன் சூப்பர்வைசர். வாகரையிலிருந்தும் கிரானிலிருந்தும் விடிவதற்குள் பஸ் ஏறி வருகிற பிள்ளைகளும், ஏறாவூர் பிள்ளைகளும் என் லைனில் இருந்தார்கள். எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். “அக்கா, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எங்கட பேர் லிஸ்ட்ல இருக்கா?” மேலே கேட்டால், பிள்ளைகளைக் குழப்பாமல் டார்கெட்டைப் பாருங்கள் என்று பதில் வரும். டார்கெட் எப்படி வரும்? மனம் ஓரிடத்தில் நில்லாதபோது தையல் கோணும், அவிழ்த்துத் திரும்பத் தைக்க வேண்டும். அந்த மாதங்களில் ரீவேர்க் கூடிக்கொண்டே போனது. அதற்கும் பிள்ளைகளைத்தான் ஏசினார்கள்.

காரணம் எங்கள் கையில் இருக்கவில்லை என்பது உண்மைதான். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத இறக்குமதித் தீர்வை என்று அமெரிக்கா அறிவித்தது. இடையில் 30 என்றார்கள். ஆகஸ்டில் 20 வீதத்தில் வந்து நின்றது. நாட்டின் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் போகிறது. தீர்வை எவ்வளவு என்று தெரியாமல் ஆடை வாங்குகிற எந்த பையரும் பெரிய ஓடர் கொடுக்க மாட்டான். இதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். செய்தி பார்க்கிறவர்கள், விளங்கிக்கொள்வார்கள். ஆனால் யாரும் சொல்லவில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வேலை, போனால் இன்னொன்று. மட்டக்களப்பில் அப்படியில்லை. என் லைனில் பலர் யுத்தத்தில் கணவனையோ தகப்பனையோ இழந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். சம்பளம் வந்த அன்றே அது பங்கு பிரிந்துவிடும்: கிழமைக் கடனின் கட்டுக்காசு, சீட்டு, அடகில் இருக்கும் நகையின் வட்டி, தம்பியின் ரியூஷன். பெரியவர்கள் உடனே வாழைச்சேனைக் காகித ஆலையைச் சொல்வார்கள். 1950களில் தொடங்கி, நம் வயல்களின் வைக்கோலைக் கொண்டு காகிதம் செய்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது. அது ஓய்ந்ததைக் கண்ணால் கண்ட ஊரில், ‘கொஞ்ச நாளைக்குத்தான்’ என்ற வார்த்தையை யாரும் நம்புவதில்லை.

என்னை மிகவும் வருத்தியது அதற்கடுத்து நடந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். சுயவிருப்பத்தில் விலகுவதாக ஒரு கடிதம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் இவ்வளவு காசு, பிறகென்றால் உறுதியில்லை என்றார்கள். வெளியே வந்த ஒருத்தி, “என்னகா செய்யிற, போட்டுட்டன்” என்று அழுதாள். வாசித்தாயா என்று கேட்டேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததாம்.

சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு இரண்டே வழிதான். ஒன்று, அவரே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அனுமதிக்குப் போனால் இழப்பீட்டுக்கு வர்த்தமானியில் போட்ட கணக்கு இருக்கிறது: முதல் 5 வருடங்களுக்கு, வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். அதனால்தான் அந்தக் கையெழுத்துக்கு அத்தனை அவசரம்.

அந்த ‘இவ்வளவு காசு’ என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, அது எப்படி விலகினாலும் கிடைக்க வேண்டியது. ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி, நம் சம்பளத்திலிருந்து 8 வீதமும் கம்பெனியின் 12 வீதமும் சேர்ந்து ஏற்கெனவே மத்திய வங்கியில் நம் பேரில் கிடக்கிற காசு. இவற்றையும் கூட்டிப் பெரிய தொகையாகக் காட்டினால், உண்மையில் புதிதாகத் தருவது எவ்வளவு? நான் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது சிலர் கையெழுத்துக்கு அவகாசம் கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்து தொழில் திணைக்களத்துக்குப் போய் விசாரித்தார்கள். முந்தைய 12 மாதங்களில் 180 நாள் வேலை செய்யாதவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்பதும் அங்கேதான் தெரியவந்தது. கடைசியாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அது இன்றும் மனதை அறுக்கிறது.

திணைக்களம் வரை விஷயம் போன பிறகுதான் மனேஜ்மென்ட் எல்லோரையும் கூட்டி, எத்தனை லைன் ஓடும், எது மூடப்படும், எப்போது என்று தமிழில் சொன்னது. நல்ல செய்தி இல்லை. ஆனாலும் அடுத்த கிழமையே ரீவேர்க் குறைந்தது. போகப்போகிறவர்கள் வேறு வேலை தேடத் தொடங்கினார்கள், இருப்பவர்கள் ஓ.டி. இல்லாத சம்பளத்துக்கு வீட்டுக் கணக்கைத் திருத்தினார்கள். முதல் லைனைச் சேர்த்த அன்றே இதைச் சொல்லியிருந்தால், அழுதுகொண்டு வந்த அந்தப் பிள்ளை வாசிக்க முடியாத கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்.